கனத்தை ஏய்க்க முடியுமா?

நம் நேயர் ஒருவர் ஒரு விளம்பரத் துண்டை நமக்கு அனுப்பி வைத்து, ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறார். அவருடைய புதல்வி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், அணுக்கதிர் மருந்துகளைக் கையாளும் பிரிவில் தாதியாக இருக்கிறாள். ஈயம் கலந்த ரப்பர் அங்கியை நாள் முழுதும் தோளில் சுமப்பதால் அவளுக்கு முதுகு வலி. விளம்பரத்திலோ, "புதுமையான கூட்டுப்பொருள், ஈயமே இல்லை, இறகு போல் லேசானது, எல்லாக் கதிர்களையும் தடுக்கும்" என்று கண்டிருக்கிறது. "இதை நம்பி வாங்கலாமா?" என்பது அன்பரின் கேள்வி. ஒரு பெண்ணின் உடல் நலம் சம்பந்தப்பட்டது. ஆகவே சற்று விரிவாகவே எழுதத் துணிகிறோம்.

காமாக் கதிர் என்பது ஒளியின் இனத்தைச் சேர்ந்தது. 1900-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் வில்லார்டு என்பவர் ரேடியத்திலிருந்து வெளிப்படும் கதிர்களை ஆராய்ந்தபோது, காந்தத்துக்கும் வளைந்து கொடுக்காமல் நேரே ஊடுருவிச் செல்லும் ஒருவகைக் கதிரைக் கண்டார். 1903-ல் ரூதர்போர்டு அதற்குக் காமா என்று நாமகரணம் செய்தார். ஆல்பாக் கதிரை ஒரு தாள் தடுத்துவிடும். பீட்டாக் கதிரை மெல்லிய அலுமினியத் தகடு தடுத்துவிடும். காமாவின் சமாசாரம் வேறு. அதற்கு "இதற்கு மேல் போகாது" என்ற எல்லையே கிடையாது. எத்தனை கனமான சுவரை எழுப்பினாலும் அது கதிரைப் பங்கு பங்காகக் குறைக்குமே தவிர, அடியோடு நிறுத்திவிடாது. கதிரைப் பாதியாக்க ஒரு குறிப்பிட்ட கனம் வேண்டும். மீதியைப் பாதியாக்க இன்னும் அதே கனம். அந்த மீதியைப் பாதியாக்க மறுபடியும் அதே கனம். இப்படிப் பத்து முறை பாதியாக்கினால் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக மிஞ்சும். அந்த மிச்சத்தால் கெடுதி இல்லை என்று கணக்கிட்டுக்கொண்டு நிறுத்துவதே கவசம் அமைப்பவர்களின் தொழில்.

இதில் ஈயத்துக்கு ஏன் இத்தனை பெருமை வந்தது? ஈயம் என்றதும் வீட்டு அம்மணிமார்கள் ரஸம் வைக்கும் ஈயச் சொம்பை நினைத்துக்கொள்ளக் கூடும். அது வெள்ளீயம், வேறு உலோகம். கவசத்துக்கு உபயோகப்படுவது காரீயம். (சொம்பு வாங்கும்போதும் இந்த வித்தியாசத்தை மறக்காமலிருப்பது நல்லது, காரீயம் விஷம்.) இனி இந்தக் கட்டுரையில் ஈயம் என்றால் காரீயம் என்றே கொள்க. வெள்ளீயமும் சற்று நேரத்தில் இந்தக் கதைக்குள் வரப்போகிறது.

கதிரின் வீரியத்தை எலெக்ட்ரான் வோல்ட் என்ற அளவால் குறிப்பார்கள். ஆயிரம் எலெக்ட்ரான் வோல்ட் ஒரு கிலோ எலெக்ட்ரான் வோல்ட். சுருக்கமாக இங்கே "கிலோ வோல்ட்" என்றே சொல்லி வருவோம். ஆஸ்பத்திரியில் உடலின் உட்பாகங்களைப் படம் பிடிக்கப் பயன்படும் டெக்னீஷியம் என்ற மருந்தின் கதிர் 140 கிலோ வோல்ட். பெட் ஸ்கான் என்று சொல்லப்படும் பரீட்சையில் எழும் கதிர் 511 கிலோ வோல்ட். புற்றுநோய்ச் சிகிச்சைக்கும், மருத்துவச் சாமான்களைக் கிருமியற்றதாக்கவும் பயன்படும் கோபால்ட்-60 வெளியிடும் இரண்டு கதிர்களோ முறையே 1,170, 1,330 கிலோ வோல்ட் அளவுள்ளவை. எல்லாவற்றுக்கும் காமா என்றே பெயர். ஆனால் ஒரே பெயர் கொண்ட காரணத்தினாலே ஊர்க்குளத்து மீனும் திமிங்கிலமும் ஒரே வலைக்குள் அகப்பட்டுவிடுமா?

வீரியம் குறைந்த கதிர் பெரும்பாலும் அணுவின் உள்ளே இறுகப் பிணைந்த எலெக்ட்ரான் ஒன்றால் முழுதாக விழுங்கப்பட்டு மறைகிறது. இந்த விழுங்கும் சக்தி, அணுவின் எண் உயர உயர வெகு வேகமாக வளர்கிறது. ஈயத்தின் அணு எண் 82. ஆகையினால் 100 கிலோ வோல்ட் கதிருக்கு முன்னால், எடைக்கு எடை பார்த்தால், ஈயம் தண்ணீரைப் போல் முப்பது மடங்குக்கும் மேல் வல்லமை காட்டுகிறது. ஈயத்தின் புகழ் இங்கே பிறந்ததுதான்.

கோபால்ட் கதிரிடம் வந்தால் கதை மாறிவிடுகிறது. அத்தனை வீரியமுள்ள கதிர் விழுங்கப்படுவது அரிது; எதிர்ப்படும் எலெக்ட்ரான்களின் மீது மோதி மோதிச் சிதறுவதே அதிகம். மோதலுக்கு எந்த அணுவின் எலெக்ட்ரான் என்ற பேதம் கிடையாது. ஒரு கிராம் எடையில் எத்தனை எலெக்ட்ரான்கள் உள்ளன என்று எண்ணிப் பார்த்தால், ஹைட்ரஜன் நீங்கலாக, ஏறக்குறைய எல்லாப் பொருள்களும் சமமாகவே நிற்கின்றன. அதன் விளைவு நம் மாணவர்களுக்கு எப்போதும் ஆச்சரியம் தருவது. கோபால்ட் கதிரின் மெல்லிய கற்றை ஒன்றைப் பாதியாக்க ஈயத்தில் சுமார் 1 ஸென்டிமீட்டர் வேண்டும், காங்கிரீட்டில் 5, தண்ணீரில் 11. கனம் இப்படி வேறுபட்டாலும் எடையைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு ஈயம் சுமார் 118 கிலோ. காங்கிரீட் சுமார் 120 கிலோ. தண்ணீர் 110 கிலோ. தண்ணீரில் ஹைட்ரஜன் இருப்பதால் அது ஒரு படி முந்திக்கூட நிற்கிறது! பத்து முறை பாதியாக்க வேண்டுமானால், எந்தப் பொருளை எடுத்தாலும் சதுர மீட்டருக்கு ஒரு டன்னுக்கு மேல் எடை வைத்தே ஆக வேண்டும். சிதறிய கதிர்களும் பக்கங்களிலிருந்து வந்து சேர்வதால், நடைமுறையில் இதற்கும் மேலேயே வைப்பார்கள்.

பம்பாய்க்கு அருகே டிராம்பேயில் 1974 முதல் மருத்துவச் சாமான்களைக் காமாக் கதிரால் சுத்தி செய்யும் ஐஸோமெட் என்ற நிலையம் இருக்கிறது. இத்தகைய நிலையங்களில், வேலை இல்லாத நேரத்தில் கோபால்ட்டை ஆழமான நீர்த்தொட்டியின் அடியில் இறக்கி வைப்பது வழக்கம். சில மீட்டர் நல்ல தண்ணீரே அங்கே கவசம். மேலிருந்து எட்டிப் பார்த்தால் அடியில் நீல நிறமாக ஓர் ஒளி தெரியும் என்று சொல்வார்கள்.

ஆகவே கோபால்ட் போன்ற வீரியமுள்ள கதிர்களுக்கு, "லேசான கவசம்" என்று எவராவது சொன்னால் அது "வெட்டாத கத்தி" என்பதற்கு ஒப்பாகும். எத்தனை உயர்ந்த கூட்டுப்பொருளானாலும் சரி, எடை எடைதான்.

இனிக் கூட்டுப்பொருளைப் பார்ப்போம். பெயர் புதிதாயிருந்தாலும் சங்கதி பழையது. வைக்கோலை மிதித்துக் குழைத்த மண்ணால் சுவர் வைத்தார்களே நம் முன்னோர்கள், அதுவும் கூட்டுப்பொருள்தான். மண் தனியே வெடிக்கும். வைக்கோல் தனியே நிற்காது. இரண்டும் சேர்ந்தால் சுவர். கதிர்க் கவசத்திலும் அதே யுக்தி. கனமான உலோகத்தைப் பொடியாக்கி, ரப்பரிலோ, பிளாஸ்டிக்கிலோ, பிசினிலோ, சிமெண்டிலோ கலக்கிறார்கள். கனத்தைப் பொடி தருகிறது. உருவத்தையும் உறுதியையும் கலவை தருகிறது.

இங்கே வியாபாரிகள் சொல்லும் சதவிகிதங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. "எங்கள் சரக்கில் 60 சதவிகிதம் பிஸ்மத்" என்று ஒருவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். பிஸ்மத் ஈயத்துக்கு அடுத்த வீட்டு உலோகம். அணு எண் 83. ஆனால் ஈயத்தைப் போன்ற விஷமன்று. ஒரு கன ஸென்டிமீட்டர் பிஸ்மத் 9.8 கிராம் நிறுக்கும், ரப்பர் 1.1 கிராம். 100 கிராம் கலவையில் 60 கிராம் பிஸ்மத்துக்கு 6 கன ஸென்டிமீட்டர் இடம் போதும். 40 கிராம் ரப்பருக்கோ 36 கன ஸென்டிமீட்டருக்கு மேல் வேண்டும். ஆக, 100 கிராம் சரக்கு ஏறக்குறைய 42.5 கன ஸென்டிமீட்டர். ஒரு கன ஸென்டிமீட்டருக்கு 2.35 கிராம். அதாவது சாதாரணக் காங்கிரீட்டின் அடர்த்தி! எடையில் 60 பங்கு என்று முழங்கிய பிஸ்மத், இடத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கே நிரம்பியிருக்கிறது. கோபால்ட் கதிருக்கு முன்னால் அந்த விலையுயர்ந்த ரப்பர், தெருவோரக் காங்கிரீட்டுக்கு மேல் ஒன்றும் செய்துவிடாது. எட்டாம் வகுப்புப் பையன் போடக்கூடிய கணக்கு இது. ஆயினும் இதைப் போடாமலே பணம் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு.

நிற்க. கூட்டுப்பொருள்களைப் பழிப்பது நம் நோக்கமன்று. அவை உண்மையிலேயே வெற்றி பெறும் இடங்கள் பல. முதலாவது இடத்தில்தான் வெள்ளீயம் வருகிறது. ஒவ்வோர் அணுவும் தன் உள்வட்டத்து எலெக்ட்ரானைப் பெயர்ப்பதற்கு வேண்டிய வீரியம் கதிரில் இருந்தால்தான் அந்த எலெக்ட்ரானைக் கொண்டு கதிரை விழுங்க முடியும். ஈயத்துக்கு இந்த வாயில் 88 கிலோ வோல்ட்டில் திறக்கிறது. வெள்ளீயத்துக்கு 29-லேயே திறந்துவிடுகிறது. ஆகையால் 30-க்கும் 88-க்கும் இடைப்பட்ட கதிர்களுக்கு, ஈயம் தன் முழுப் பலத்தைக் காட்ட இயலாமல் நிற்கும்போது, வெள்ளீயம் எடைக்கு எடை அதை மிஞ்சி நிற்கிறது. உதாரணமாக 60 கிலோ வோல்ட் அளவில் - அமெரிஷியம் என்னும் தனிமத்தின் காமாக் கதிர் ஏறக்குறைய இந்த அளவுதான் - ஈயம் செய்யும் வேலைக்கு வெள்ளீயத்தில் முக்கால் பங்கு எடை போதும். எக்ஸ்-ரே அறைகளில் சிதறும் கதிர்களில் பெரும்பகுதி இந்த எல்லைக்குள் அடங்குவதால், வெள்ளீயமும் ஆண்டிமனியும் பிஸ்மத்தும் கலந்த ஈயமற்ற அங்கிகள் அங்கே மெய்யாகவே பாரத்தைக் குறைக்கின்றன. வெள்ளீயம் கதிரை விழுங்கியபின் தானே ஒரு மெல்லிய கதிரை உமிழும். அது உடம்பில் படாதிருக்க, உட்புறத்தில் பிஸ்மத் படலமும் வெளிப்புறத்தில் வெள்ளீயப் படலமுமாக இரண்டடுக்காகச் செய்வார்கள். நல்ல வேலைப்பாடு, பாராட்டத்தக்கது.

ஆனால் அன்பரின் புதல்வி எக்ஸ்-ரே அறையில் இல்லையே! 88-ஐத் தாண்டியதும் ஈயத்தின் வாயில் திறந்துவிடுகிறது. 100 கிலோ வோல்ட்டில் வெள்ளீயம் அதன் மூன்றில் ஒரு பங்கு பலம்கூட இல்லாமல் பின்தங்கிப் போகிறது. டெக்னீஷியத்தின் 140-க்கு, அரை மில்லிமீட்டர் ஈயத்துக்குச் சமமான அங்கி நேர்க்கதிரில் முக்கால் பங்கைத் தடுக்கும். அங்கே அங்கியால் பிரயோஜனம் உண்டு. அதே அங்கியை அணிந்து பெட் ஸ்கான் நோயாளியின் அருகே நின்றால், 511 கிலோ வோல்ட் கதிரில் அது தடுப்பது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கோபால்ட் கதிரில் நூற்றுக்கு மூன்று பங்கு! அங்கி இருக்கிறதே என்ற தைரியத்தில் சிறிது நேரம் அதிகமாக நின்றுவிட்டால் லாபத்துக்குப் பதில் நஷ்டம். நோயாளியிடமிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் நிற்பவள் ஒன்றரை மீட்டருக்கு நகர்ந்து நின்றால், கதிர் ஏறக்குறைய பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அந்த அரை மீட்டருக்கு விலையும் இல்லை. முதுகு வலியும் இல்லை.

ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, "ஈயம் உண்டா, இல்லையா?" என்பதன்று, "எத்தனை கிலோ வோல்ட் கதிருக்கு, எத்தனை மில்லிமீட்டர் ஈயத்துக்குச் சமம்?" என்பதே. தாம் அளந்து பார்த்த கிலோ வோல்ட்டை எழுதிக்கொடுக்க மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். 140-ஐ எழுதிக்கொடுப்பவருடைய அங்கியையும் பெட் ஸ்கான் பிரிவில் நம்ப வேண்டாம். அங்கு மருந்தூசியைச் சுற்றி டங்ஸ்டன் உறையும், மேஜைமேல் கனத்த ஈயக் கட்டையும், விரைவான கையும், தள்ளி நிற்கும் பழக்கமுமே காப்பு.

டங்ஸ்டன் என்றோம். அது கூட்டுப்பொருளின் மற்றொரு வெற்றி. டங்ஸ்டன் ஒரு கன ஸென்டிமீட்டர் 19.3 கிராம், ஈயமோ 11.3 தான். ஆனால் டங்ஸ்டன் உருகுவதற்கு 3,400 டிகிரிக்கு மேல் உஷ்ணம் வேண்டும். வார்ப்பதும் கடைவதும் பெரும்பாடு. அதைப் பொடியாக்கி நைலான் போன்ற பிளாஸ்டிக்கில் ஏராளமாகத் திணித்தால், ஏறக்குறைய ஈயத்தின் அடர்த்தியே உள்ள ஒரு பொருள் கிடைக்கிறது. சாதாரணப் பிளாஸ்டிக் சாமானைப் போலவே அதை அச்சில் ஊற்றி வேண்டிய உருவத்தில் எடுத்துவிடலாம். லேசாகிவிட்டதா என்றால், இல்லை. ஆனால் விஷமில்லை, கையில் கறை ஒட்டாது, ஈயத்தைப் போல் தன் பாரத்தாலேயே நாளாவட்டத்தில் சரிந்து தொங்காது. சுவரில் அறைந்த ஈயத் தகடுகள் பல ஆண்டுகளில் கீழே இழுத்துக்கொண்டு மேலே இடைவெளி விட்டுவிடுவது உண்டு. அந்த இடைவெளி வழியே கதிருக்கு ராஜபாட்டை! ரப்பர் அங்கியையும் மடித்து வைத்தால் மடிப்பில் வெடிப்புக் காணும். அதனால்தான் அதைத் தொங்கவிட்டு வைக்க வேண்டும், ஆண்டுதோறும் எக்ஸ்-ரேயில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பார்கள்.

கலவை செய்வதிலும் ஒரு தொல்லை உண்டு. அரிசி களையும்போது கல் அடியில் தங்குகிறதல்லவா? அதுபோலக் கனமான பொடி, பிசின் இறுகுவதற்குள் அடியில் இறங்கிவிடும். மேற்பாகம் வெறும் பிசினாய் நிற்கும். வெளித் தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. கதிருக்கு மட்டும் வித்தியாசம் தெரியும். கனக் காங்கிரீட்டிலும் இதே கஷ்டம். அதற்காகக் கனமான கற்களை முதலில் அச்சுக்குள் அடுக்கிவிட்டு, பிறகு சிமெண்டுக் குழம்பைக் குழாய் வழியே செலுத்தி இடுக்குகளை நிரப்பும் முறையைக் கையாளுவது உண்டு.

அந்தக் கனக் காங்கிரீட்டுக்கு வேண்டிய கல் நம் நாட்டிலேயே குவிந்து கிடக்கிறது. ஆந்திர தேசத்தில் மங்கம்பேட்டை என்னும் இடத்தில் உள்ள பாரைட் படிவம் உலகத்தின் மிகப் பெரிய படிவங்களுள் ஒன்று. பாரைட் என்பது பேரியமும் கந்தகமும் சேர்ந்த கனமான வெள்ளைக் கல். எக்ஸ்-ரே அறைச் சுவர்களில் பூசும் காரையில் இதன் பொடியைக் கலப்பார்கள். ஜல்லிக்குப் பதில் இதைப் போட்டுக் காங்கிரீட் செய்தால் அடர்த்தி 2.35-லிருந்து 3.4 வரை உயரும். ஒரு மீட்டர் கனமுள்ள சுவர் 70 ஸென்டிமீட்டரில் முடிந்துவிடும். எடை என்னவோ அதேதான். ஆனால் அறைக்குள்ளே இடம் மிஞ்சுகிறது. ஆஸ்பத்திரியில் இடம் என்பது சின்ன விஷயமா?

அணு உலைகளில் காமாவோடு நியூட்ரானும் புறப்படுகிறது. ஈயம் நியூட்ரானை லட்சியம் செய்வதில்லை என்பதைவிட, நியூட்ரான் ஈயத்தை லட்சியம் செய்வதில்லை என்பதே பொருத்தம். அதை மந்தப்படுத்த, ஏறக்குறைய அதே எடையுள்ள ஹைட்ரஜன் அணு வேண்டும். மந்தமான நியூட்ரானை ஹைட்ரஜன் பிடித்துக்கொள்ளும்போதோ, 2,200 கிலோ வோல்ட் அளவில் புதிதாக ஒரு காமாக் கதிர் பிறந்துவிடுகிறது. பேய்க்குப் பயந்து பிசாசை அழைத்த கதை! இதற்காகக் கலவையில் போரான் சேர்க்கிறார்கள். போரான் நியூட்ரானை முந்திப் பிடித்துக்கொண்டு, 480 கிலோ வோல்ட் அளவில் சாதுவான ஒரு காமாவை மட்டும் விடுகிறது. அதைக் கவனித்துக்கொள்ளக் கலவையில் உள்ள ஈயமோ இரும்போ போதும். பாலிதீன், போரான், ஈயம் மூன்றும் கலந்த பலகைகள் இந்த நோக்கத்துக்காகவே செய்யப்படுகின்றன. மூன்றும் தனித்தனியே செய்ய முடியாத காரியத்தைச் சேர்ந்து செய்கின்றன. கூட்டுப்பொருளுக்கு இதைவிட நல்ல நியாயம் வேறில்லை.

கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை. கதிர் மிகுந்த அறைக்குள் இயந்திரக் கைகளால் வேலை செய்பவர்கள் பார்ப்பதற்கென்று ஈய ஆக்ஸைடு ஏராளமாகச் சேர்த்த மஞ்சள் சாயல் கொண்ட கண்ணாடிகளைச் சன்னல்களில் பதிப்பார்கள். மொத்தக் கனம் ஒரு மீட்டரும் உண்டு. கதிர் பட்டுப் பட்டுக் கண்ணாடி பழுப்பேறிவிடும். ஸீரியம் சிறிது சேர்த்தால் பழுப்பேறுவதில்லை.

கடைசியாக, ஈயத்தைப் பற்றி நமக்குள்ள ஒரு குறை. அதற்குச் சந்தையில் விலை உண்டு. இதையே அதன் பெரிய குற்றமாக நாம் கருதுகிறோம். 1987-ல் பிரேஸில் தேசத்துக் கோயானியா நகரில், கைவிடப்பட்ட சிகிச்சை நிலையம் ஒன்றிலிருந்த ஸீஸியம் கருவியை இரண்டு பேர் பழைய உலோகத்துக்காகக் கழற்றி எடுத்துச் சென்றார்கள். நான்கு உயிர்கள் போயின. 2000-ல் தாய்லாந்தின் ஸமுட் பிரகானில் பழைய கோபால்ட் கருவி ஒன்று பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது, மூவர் மாண்டனர். 2010-ல் நம் தலைநகரிலேயே, மாயாபுரி என்னும் பழைய இரும்புச் சந்தையில் அதே கதை நடந்தது. ஒரு சர்வகலாசாலையில் 1985 முதல் உபயோகிக்கப்படாமல் கிடந்த கோபால்ட் கருவியை ஏலம் போட்டுவிட்டார்கள். வாங்கியவர்கள் கவசத்தை உரித்தார்கள். பலர் நோயுற்றனர், ஒரு தொழிலாளி ஏப்ரல் மாதத்தில் உயிர் நீத்தார். கோபால்ட்-60 ஐந்தேகால் ஆண்டுக்கொரு முறை பாதியாகும் வஸ்து; இருபத்தைந்து ஆண்டுகளில் 27-ல் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். அந்த மிச்சத்துக்கு முன்னால் கவசமின்றி நின்றார்கள் அந்த ஏழைகள்.

ஈயமோ டங்ஸ்டனோ தூய உலோகமாக இருக்கும்வரை பழைய இரும்புக்காரரின் கண் அதன் மேல்தான். பிசினில் குழைத்த பொடிக்கு அத்தனை கிராக்கி இராது. பாரைட் காங்கிரீட்டுக்கோ அதுவும் கிடையாது. காங்கிரீட் சுவரைத் தூக்கிக்கொண்டு போய் நிறுத்து விற்ற திருடனை நாம் இதுவரை கேள்விப்பட்டதில்லை. தூக்கிச் செல்லக்கூடிய சிறு கருவிகளுக்குக் காங்கிரீட் ஒத்து வராது என்பது உண்மையே. அவற்றை அணுசக்தி ஒழுங்கு வாரியத்தாரின் பதிவேட்டில் ஏற்றி, ஆண்டுதோறும் யாராவது நேரில் போய், கருவி இருந்த இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவதைத் தவிர வேறு கவசம் இல்லை.